ழகரத்தைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். என் பிள்ளைகளில் பாதிப் பேர் 'அழை'யையும் 'அளை'யையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். எத்தனை தடவை சொல்லிக் காட்டினாலும் "அதத்தான் டீச்சர் சொல்றேன்" என்பார்கள். பொய்யில்லை, அவர்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். காதுக்குப் பிடிபடாததைக் கண்ணுக்குக் காட்டலாமே என்றுதான் பிராட் பக்கம் போனேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய, பேச்சொலியைப் படமாகக் காட்டும் இலவச மென்பொருள் அது.

முதலில் பதிவு. மடிக்கணினியில் ஆடசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், கம்பி வைத்த இயர்போன் மைக், அது போதும். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொல்லாதீர்கள், ஒலியைச் சுருக்கிவிடும். காற்றாடியை நிறுத்துங்கள், தகரக் கூரை என்றால் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அலை, அளை, அழை, ஒவ்வொன்றும் மூன்று தடவை, நடுவில் இடைவெளி விட்டு. வேவ் கோப்பாகச் சேமித்து, பிராட்டில் திறந்து, 'வியூ அண்ட் எடிட்' அழுத்தி, ஃபார்மண்ட் (தொண்டையும் வாயும் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் அதிர்வெண்கள்) காட்டச் சொன்னால் சிவப்புப் புள்ளிகள் வரும்.

இங்கேதான் எனக்கு இரண்டு ராத்திரி போனது. என் குரலுக்கு ஒழுங்காக வந்த புள்ளிகள் எட்டு வயதுப் பிள்ளையின் குரலுக்கு அரிசியை இறைத்த மாதிரி சிதறிக் கிடந்தன. மைக் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காரணம் வேறு. பிராட் தானாக 5500 ஹெர்ட்ஸுக்குள் ஐந்து ஃபார்மண்ட் தேடுகிறது, அது வளர்ந்த பெண்ணின் குரலுக்கான அளவு. பிள்ளையின் தொண்டையும் வாயும் சிறியவை, அதனால் அதிர்வுகள் மேலே மேலே விழுகின்றன. ஃபார்மண்ட் செட்டிங்ஸில் அந்த 5500ஐ 8000 ஆக்குங்கள். புள்ளிகள் கோடுகளாகச் சேர்ந்துவிடும்.

இப்போது கீழிருந்து மூன்றாவது கோட்டைப் பாருங்கள். 'அலை'யில் மேலேயே நிற்கும். 'அழை'யில் இரண்டாவது கோட்டை நோக்கி வழுக்கி இறங்கி, மறுபடி ஏறும். ளகரத்தில் நாக்கு அண்ணத்தைத் தொடுவதால் அந்த இடம் மங்கி, ஓரம் வெட்டினாற்போலத் தெரியும். ழகரத்துக்கு நாக்கு நுனி மடங்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்பப் பதிவு செய்யுங்கள், கோடு இறங்குகிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும். உங்கள் கோட்டின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், வடிவத்தை மட்டும் பாருங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி கடைசிவரை 'வாயப்பயம்' என்றுதான் சொன்னார். வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சில் ழகரம் யகரமாகும், வேறு பல ஊர்களில் ளகரமாகும். கப்பலில் வந்த பேச்சு அது, நாக்கின் குறை இல்லை. பாட்டி தப்பாகப் பேசுகிறார் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். பாட்டி இருக்கிறார் என்றால் அவர் குரலையும் பதிவு செய்து, பூர்வீக ஊர்ப் பெயரோடு சேமித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: 8000 வைத்தும் புள்ளிகள் சரியாக வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் பதிவு செய்தது தன் சொந்தக் குரலை. 8000 சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஆண்களுக்கு 5000, பெண்களுக்கு 5500, ஆள் மாறும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள்.