ஆப்பிள் தோட்டத்துக்குப் போய் சைடரும் பிராந்தியும் சுவைத்து வருவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

பேரங்காடியில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் இனிப்பு சைடரைத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். நானும் பல வருடம் அதையே சைடர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரத்தடியிலேயே ஆப்பிளைப் பிழிந்து, அங்கேயே சைடராகப் புளிக்கவைத்து, அங்கேயே பிராந்தியாக வடிக்கும் ஒரு தோட்டத்துக்கு இரண்டு முறை போய்வந்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. முதல் முறை ஒரு பாட்டிலைப் பறிகொடுத்தேன். இரண்டாம் முறை எல்லாம் சரியாக நடந்தது. அந்த இரண்டாம் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை, அவை உங்களுக்கே தெரியும்.

முதல் படி: எங்கே, எப்போது

ஆப்பிளுக்குக் குளிர்காலம் வேண்டும். அதனால் நம் ஊரில் தோட்டம் கிடையாது. எனக்குப் பிடித்த இடம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இருக்கும் ஹுவான் பள்ளத்தாக்கு. சிங்கப்பூரிலிருந்து மெல்பர்ன் போய், அங்கிருந்து ஹோபார்ட்டுக்கு ஒரு சின்னப் பயணம். ஹோபார்ட்டிலிருந்து ஹுவான் நெடுஞ்சாலையில் தெற்கே அரைமணி நேரம் போனால் குரோவ் என்ற ஊர் வரும். வில்லி ஸ்மித்ஸ் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் முதல் ஆப்பிள் மரம் 1888-இல் நடப்பட்டது. பழைய ஆப்பிள் கொட்டகையையே சுவைக்கும் கூடமாகவும் சிறிய அருங்காட்சியகமாகவும் மாற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பிராந்தியும் வடிக்கிறார்கள். பள்ளத்தாக்கில் வேறு சைடர்க்காரர்களும் உண்டு. ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு சைடர், பிராந்தி, மரம் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது வசதி.

பறிப்புக் காலம் பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே வரை போகும். நம் மார்ச் பள்ளி விடுமுறை அதற்குள் அழகாக விழுகிறது. ஜூனில் போனால் மரங்கள் மொட்டையாக நிற்கும், டிசம்பரில் காய் பிஞ்சாக இருக்கும். நாங்கள் இரண்டாம் முறை புனித வெள்ளியோடு லீவு சேர்த்துப் போனோம். புனித வெள்ளியன்று அங்கே பல இடங்கள் மூடிக்கிடக்கும், சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரக் கடைசியில் கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

வழியில் சாலையோரம் பை பையாக ஆப்பிள் வைத்திருப்பார்கள். விற்பவர் யாரும் இருக்கமாட்டார். பையை எடுத்துக்கொண்டு காசை டப்பாவில் போடவேண்டியதுதான். அதற்காகவே சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மெல்பர்னில் வாங்கிய பழத்தை டாஸ்மேனியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. பழ ஈ வந்துவிடும் என்று ஹோபார்ட் விமான நிலையத்தில் நாய் வைத்து மோப்பம் பிடிக்கிறார்கள்.

இரண்டாம் படி: யார் குடிக்கமாட்டார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சிங்கப்பூரில் வாகனம் ஓட்டுபவருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். ஆஸ்திரேலியாவில் 50-தான். நம் ஊர்க் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். போலீஸ் எந்தச் சாலையிலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சின்னக் கிளாஸ், ஒவ்வொன்றிலும் 100 மில்லி, 6 விழுக்காடு சைடர். ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். அந்த நான்கு கிளாஸும் சேர்ந்து ஏறத்தாழ 1.9. அதன் மேல் 40 விழுக்காடு பிராந்தி 15 மில்லி வீதம் மூன்று முறை என்றால் இன்னொரு 1.4. ஆக, சும்மா சுவைத்ததே 3.3 ஆகிவிடுகிறது. இது ஓட்டுகிற ஆள் தொடக்கூடிய அளவு இல்லை.

எங்கள் வீட்டில் கொழுந்தன் குடிப்பதில்லை, அவர்தான் ஓட்டினார். அப்படி ஆள் இல்லையென்றால் ஹோபார்ட்டிலிருந்து ஓட்டுநரோடு கூட்டிப்போகும் சுற்றுலாவை எடுங்கள். 'கொஞ்சமாக் குடிச்சுட்டு அப்புறம் ஓட்டிக்கலாம்' என்கிற யோசனையை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுங்கள். மாலையானால் வாலபிகள் சாலைக்குக் குறுக்கே பாயும்.

மூன்றாம் படி: குடிப்பதற்கு முன் சுற்றிப் பாருங்கள்

நேராகக் கவுன்டருக்குப் போகவேண்டாம். கொட்டகைக்குள் இருக்கும் பழைய கருவிகளையும் பெட்டிகளையும் அரைமணி நேரம் பாருங்கள். டாஸ்மேனியாவை 'ஆப்பிள் தீவு' என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. இங்கிருந்து கப்பல் கப்பலாகப் பழம் பிரிட்டனுக்குப் போனது. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்ததும் அந்தச் சந்தை கையைவிட்டுப் போனது. மரத்தைப் பிடுங்கினால் அரசாங்கமே பணம் கொடுக்கும் நிலை வந்து, எத்தனையோ தோட்டங்கள் அழிந்தன. மிச்சமிருக்கும் மரங்களின் பழத்தைத்தான் நாம் குடிக்கப்போகிறோம் என்று தெரிந்தபின் கிளாஸைக் கையில் எடுத்தால், அதை ஒரே மடக்கில் விட மனம் வராது.

நான்காம் படி: சுவைப்பது

ஆஸ்திரேலியாவில் 'சைடர்' என்றாலே ஆல்கஹால் உள்ளதுதான். பிள்ளைகளுக்கு 'ஆப்பிள் ஜூஸ்' என்று கேளுங்கள். அமெரிக்காவில்தான் வெறும் சாற்றுக்கும் சைடர் என்று பெயர், அதனால் அங்கே 'ஹார்ட் சைடர்' என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

நமக்கு இது புதிய விஷயமே இல்லை. பனஞ்சாறு புளித்தால் கள், ஆப்பிள் சாறு புளித்தால் சைடர். அந்த சைடரைச் செம்பு வாலையில் (வடிகலத்தில்) இருமுறை வடித்து, ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் உறங்கவைத்தால் ஆப்பிள் பிராந்தி. 5 விழுக்காட்டை 40 ஆக்கவேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு எட்டு லிட்டராவது வேண்டும், அதனால்தான் அந்த விலை.

நான் தடுமாறிய இடம் வேறு. முதல் முறை பரிமாறியவர் 'டானின்' 'டானின்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் முறை அத்தையும் கூட வந்திருந்தார். அவர் குடிக்கமாட்டார் என்பதால், சைடருக்கென்றே வளர்க்கும் ஆப்பிளில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார்கள். தோல் கரடுமுரடாக, முக்கால் சிவப்பு, கால் பச்சை. வெட்டிய இடம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகியது. அத்தை கடித்தார். கன்னம் உள்ளே ஒட்டியது. "என்னம்மா இது, ஆப்பிள்னு கொடுத்தாங்க, கொட்டைப்பாக்கு மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

துவர்ப்பு! டானின் என்பது அதுதான். அறுசுவையில் ஒன்றாக வைத்து நாம் சின்ன வயதிலிருந்து சொல்லிவருவது. வாழைப்பூ, நெல்லிக்காய், பாக்கு எல்லாம் தின்று வளர்ந்த நாக்கு நம்முடையது. அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு கிளாஸையும் இப்படித்தான் பார்க்கிறேன்: இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு. துவர்ப்பு நாக்கில் ருசியாக நிற்காது. விழுங்கிய பிறகு ஈறுகளையும் கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்புக்காக ஐந்து விநாடி காத்திருங்கள்.

சாப்பிடும் ஆப்பிளில் செய்த சைடரில் இனிப்பும் புளிப்பும் மட்டும் துள்ளும். கிங்ஸ்டன் பிளாக், யார்லிங்டன் மில் போன்ற இங்கிலாந்து சைடர் வகைகளின் பெயர் சைடர் பட்டியலில் இருந்தால் துவர்ப்பை எதிர்பார்க்கலாம். சின்னக் கிளாஸ்களை வரிசையாக வைத்துத் தரும் ஒரே பலகையில் இரண்டையும் கேட்டு வாங்கி அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

வரிசை முக்கியம். இனிப்பில்லாத சைடரில் தொடங்கி இனிப்புக்குப் போங்கள். பிராந்தி எப்போதும் கடைசி. முதலில் பிராந்தியைத் தொட்டால் அதன் பின் வரும் சைடர் வெறும் தண்ணீர் போலிருக்கும். பிராந்தியை மோந்து பார்க்கும்போது மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்து மெல்ல மூச்சிழுங்கள். எரிச்சல் ஒதுங்கி, வேகவைத்த ஆப்பிள், பட்டை, பழைய மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். பிடிக்காததைத் துப்புவதற்குப் பாத்திரம் இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். அங்கே யாரும் அதைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

குறிப்பெடுக்க எனக்குச் சின்ன நோட்டும் பென்சிலும்தான் பிடிக்கும். அதற்கென்று கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் துவர்ப்பை எழுத இடம் தேடுவதற்குள் சுவை போய்விடுகிறது.

ஐந்தாம் படி: பாட்டிலை வீடு கொண்டுவந்து சேர்ப்பது

இதுதான் நான் பாட்டிலைப் பறிகொடுத்த படி. நிதானமாகப் படியுங்கள்.

முதல் பயணத்தில் ஒரு பாட்டில் ஆப்பிள் பிராந்தி வாங்கினேன். பெட்டியில் வைத்தால் உடைந்துவிடுமோ என்று பயந்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஹோபார்ட்டில் பெட்டியை நேராக சிங்கப்பூருக்கே டேக் போட்டு அனுப்பினார்கள். பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலுடன் விட்டுவிட்டார்கள். ஏனென்றால் ஹோபார்ட்–மெல்பர்ன் உள்நாட்டுப் பயணம், அதற்குத் திரவக் கட்டுப்பாடு கிடையாது. நான் நிம்மதியாகிவிட்டேன். மெல்பர்னில் அனைத்துலக முனையத்தின் சோதனைக்கு வந்ததும் அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அனைத்துலகப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. பெட்டியோ எப்போதோ விமானத்துக்குப் போய்விட்டது. சீல்கூட உடைக்காத பாட்டில் என் கண்முன்னே தொட்டிக்குள் போனது. ஓட்டுநர் ஏற்பாட்டை எவ்வளவு கவனமாகச் செய்தேனோ, அதே கவனத்தை இதற்கும் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே பாட்டில் ஹோபார்ட்டிலேயே பெட்டிக்குள் போகவேண்டும். 24 முதல் 70 விழுக்காடு வரை உள்ள மது ஒருவருக்கு 5 லிட்டர் வரை, கடையில் வாங்கிய மூடிய பாட்டிலாக, பெட்டியில் போகலாம். உடையாமல் இருக்க நான் நம்புவது காற்றுக்குமிழி உறை உள்ளே தைத்த, ஜிப் வைத்த பாட்டில் பை. தேக்காவில் வாங்கிய கனமான பருத்தித் துண்டு அதற்கு மேல் ஒரு சுற்று. காலுறைக்குள் போட்டுக் கொண்டுவருவதாகச் சொல்கிறவர்கள் உண்டு. உடைந்தால் காலுறை கசிவைத் தடுக்காது, நான் பரிந்துரைக்கமாட்டேன். பாட்டிலைப் பெட்டியின் நடுவில், துணிகளுக்கு நடுவே படுக்கவையுங்கள், ஓரத்தில் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தால் ஒரு பாட்டில் ஒரு கிலோவைத் தாண்டும், பெட்டியில் அந்த இடத்தை முன்பே விட்டுவையுங்கள்.

இங்கே வந்து சேர்ந்ததும் சுங்கத்துறை. 18 வயது நிறைந்து, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்து, மலேசியாவிலிருந்து வராதவராக இருந்தால், சொந்த உபயோகத்துக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டும் அதனுடன் ஒரு லிட்டர் வைன் அல்லது ஒரு லிட்டர் பியரும் வரியில்லாமல் கொண்டுவரலாம். ஒரு பிராந்தி பாட்டில் இதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் என்றால் சிவப்புத் தடத்துக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். ஸ்பிரிட்டுக்குத் தீர்வை, தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 40 விழுக்காட்டில் 700 மில்லி பாட்டில் என்றால் 24.64 வெள்ளி, அதன்மேல், பாட்டில் விலையும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பயப்படும் தொகை இல்லை, ஒளிக்கத் தேவையும் இல்லை.

சைடர் பாட்டில்களை நான் கொண்டுவருவதில்லை. கனத்துக்கும் இடத்துக்கும் கட்டுப்படியாகாது. தோட்டத்து நிழலில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பிராந்தியை மட்டும் கொண்டுவருகிறேன்.

பிற்சேர்க்கை 1: 'கடைக்காரர் சீல் வைத்த பையில் போட்டுத் தந்தார், அதைக் கையில் கொண்டுபோகலாமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. விமான நிலையத் தீர்வையில்லாக் கடையில் தரும் சீல் பை வேறு. தோட்டத்துக் கடையின் பை, சோதனைச் சாவடியில் வெறும் பைதான்.

பிற்சேர்க்கை 2: ஹோபார்ட்–மெல்பர்ன், மெல்பர்ன்–சிங்கப்பூர் விமானங்களுக்குத் தனித்தனியாகச் சீட்டு எடுத்தவர் ஒருவர், மெல்பர்னில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ததாக எழுதியிருந்தார். அப்படியானால் ஹோபார்ட்டிலிருந்து கையில் கொண்டுபோனாலும், மெல்பர்னில் பெட்டிக்குள் மாற்றிக்கொள்ளலாம். உறையைக் கைப்பையில் வைத்திருங்கள்.

பிற்சேர்க்கை 3: என் பேச்சைக் கேட்காமல் சைடர் கொண்டுவந்த தோழி ஒருத்தி, பாட்டிலிலேயே இரண்டாம் முறை புளிக்கவைத்த வகையைச் சமையலறை மேடையில் வைத்திருந்தாள். நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சூட்டில் அதற்குள் அழுத்தம் ஏறும். அவள் மூடியைத் திறந்ததும் பாதி பாட்டில் சுவரில். அந்த வகையை நேராகக் குளிர்பெட்டியில் நிற்கவைத்து, ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு திறக்கவேண்டும். பிராந்திக்குக் குளிர்பெட்டி வேண்டாம். வெயில் படாத அலமாரியில் நிற்கவைத்தால் போதும். எங்கள் பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது.