ஷட்டில் கையோடு பிக்கிள்பால் ஆடினால் எங்கே தப்பு நடக்கிறது?

எங்கள் கிளப்பில் பிக்கிள்பால் ஆட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய ஷட்டில்காரர்கள். நானும் அப்படித்தான். இருபது வருடம் ஷட்டில் ஆடி, முழங்கால் கெஞ்ச ஆரம்பித்ததும் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். முதல் வாரம் "இது என்ன, சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கே" என்று நினைத்தேன். இரண்டாவது வாரம், 60 வயதைத் தாண்டிய ஒரு அம்மாவும் அவர் கணவரும் எங்கள் ஜோடியை 11-2 என்று அனுப்பிவைத்தார்கள். அந்த அம்மா ஒரு ஸ்மாஷ்கூட அடிக்கவில்லை. பந்தைத் திருப்பித் திருப்பி மெதுவாகப் போட்டுக்கொண்டே இருந்தார். வெளியே அடித்ததும் வலையில் அடித்ததும் நாங்கள்தான்.

அன்றைக்குப் புரிந்தது: எனக்கு இந்த ஆட்டம் தெரியாதது பிரச்சினையில்லை, இன்னோர் ஆட்டம் நன்றாகத் தெரிந்திருந்ததுதான் பிரச்சினை. நம் கிளப்களில் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை அப்படிப் பழைய ஆட்டத்திலிருந்து கூடவே வந்தவை.

இத்தனைக்கும் பிக்கிள்பால் பிறந்ததே ஒரு ஷட்டில் கோர்ட்டில்தான். 1965 கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்ட் என்பவரும் அவர் நண்பர் பில் பெல்லும் பொழுதுபோகாத பிள்ளைகளுக்காக எதையாவது ஆடலாம் என்று பார்த்தார்கள். வீட்டில் பழைய ஷட்டில் கோர்ட் இருந்தது, ஷட்டில் சாமான்கள் முழுசாக இல்லை. டேபிள் டென்னிஸ் பேட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆரம்பித்தார்கள். முதலில் வலை ஷட்டில் உயரத்திலேயே, 60 அங்குலத்தில் இருந்தது. பந்து தரையில் நன்றாகத் துள்ளுகிறது என்று தெரிந்ததும் 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். வலை இறங்கிய அந்த நிமிஷத்திலேயே இது ஷட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. நாம்தான் இன்னும் வலையை மனசில் இறக்கவில்லை.

அதே கோர்ட், வேறு கோடுகள்

ஷட்டில் இரட்டையர் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் ஒரே அளவு: 44 அடி நீளம், 20 அடி அகலம். அதனால் அபார்ட்மெண்ட்களிலும் சின்ன கிளப்களிலும் ஷட்டில் கோர்ட்டிலேயே ஒரு வலையைக் கொண்டுவந்து வைத்து ஆடுகிறார்கள். வசதிதான். ஆனால் ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது, பிக்கிள்பாலின் கிச்சன் கோடு இருக்க வேண்டியது 7 அடியில். (வலையை ஒட்டிய அந்தப் பகுதிக்குத்தான் கிச்சன் என்று பெயர். துள்ளாத பந்தை அதற்குள் நின்று அடிக்கக் கூடாது.) அரை அடிதானே என்று டேப் ஒட்டச் சோம்பல்பட்டு, இருக்கிற கோட்டையே கிச்சனாக வைத்துக்கொள்கிறோம். கால் அந்தக் கோட்டுக்குப் பழகிவிடுகிறது. ஒருநாள் சரியான கோர்ட்டுக்குப் போனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஃபவுல்.

பின்பக்கம் இன்னொரு குழி. ஷட்டில் இரட்டையரில் சர்வீஸ் விழ வேண்டிய எல்லை கடைசிக் கோட்டுக்கு இரண்டரை அடி உள்ளே முடிந்துவிடும். பிக்கிள்பாலில் அந்த உள்கோட்டுக்கு வேலையே இல்லை, கடைசிக் கோடு வரைக்கும் போடலாம். சொல்லப்போனால் நல்ல சர்வீஸ் விழ வேண்டிய இடமே அந்தக் கடைசி இரண்டரை அடிதான். பழக்கதோஷத்தில் அதைப் பார்த்து "அவுட்" என்று கத்தி, எதிராளியின் நல்ல சர்வீஸைப் பறித்துக்கொள்கிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். நானும் செய்திருக்கிறேன். ஒற்றையர் ஆட்டத்துக்கும் முழு 20 அடி அகலம் உண்டு என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் மற்ற எந்தக் கோட்டில் பட்டாலும் சரி, கிச்சன் கோட்டில் பட்டால் மட்டும் தப்பு.

வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. ஷட்டில் வலையையே இறக்கிக் கட்டினால் நடுவில் தொய்ந்து 31, 32 வரை போய்விடும். ஓர் இஞ்ச் டேப் கிளப் அலமாரியில் கிடக்கட்டும்.

சர்வீஸ் போட்டவுடன் எங்கே ஓடுகிறீர்கள்?

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஷட்டிலில் சின்ன சர்வீஸ் போட்டுவிட்டு, ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வலைக்குப் பாய்வோம். உடம்பில் ஊறிய பழக்கம். பிக்கிள்பாலில் இரண்டு துள்ளல் விதி இருக்கிறது. சர்வீஸ் எதிர்ப்பக்கம் ஒரு முறை துள்ள வேண்டும். அதை அவர்கள் திருப்பி அடிக்கும் பந்தும் நம் பக்கம் ஒரு முறை துள்ள வேண்டும். அதற்கு அப்புறம்தான் யாரும் துள்ளாமலேயே அடிக்கலாம். சர்வீஸ் போட்டவர் உள்ளே ஓடினால் ஒன்று பந்து அவர் காலடியில் வந்து விழும், இல்லையென்றால் அவசரத்தில் அந்தரத்திலேயே அடித்து ஃபவுல் ஆவார்.

சர்வீஸைத் திருப்புகிறவருக்கு நேர்மாறான வேலை. பந்தை ஆழமாக அடித்துவிட்டு அவர் உடனே கிச்சன் கோட்டுக்கு வர வேண்டும். அவருடைய ஜோடி ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார். ஆனால் நம்மவர்கள் நன்றாகத் திருப்பிவிட்டு, போட்டோவுக்கு நிற்பது போல அங்கேயே நின்று பந்தை ரசிப்பார்கள். நிற்க வேண்டியவர் ஓடுகிறார், ஓட வேண்டியவர் நிற்கிறார்.

இந்த விதியால் சர்வீஸ் போடும் ஜோடிக்கு ஆட்டத்தின் தொடக்கமே மேடேறுவது போலத்தான்: எதிராளிகள் இருவரும் வலைக்கு அருகில், நாம் இருவரும் 22 அடி தள்ளி. இந்த இடத்தில் வருவதுதான் தேர்ட் ஷாட், அதாவது மூன்றாவது அடி. ஷட்டில் கை இங்கே பலமாக அடிக்கச் சொல்லும். வலையருகே நிற்கிறவர்கள் பேடிலை, அதாவது பிக்கிள்பால் மட்டையை, சும்மா காட்டினால் போதும், நம் வேகத்திலேயே பந்து நம் காலடிக்குத் திரும்பும். அதற்குப் பதிலாக, பந்து நம் பக்கத்திலேயே உச்சிக்குப் போய், வலையைத் தாண்டும்போது இறங்கிக்கொண்டு, அவர்கள் கிச்சனுக்குள் மெல்ல விழ வேண்டும். அப்போது அவர்களால் கீழிருந்து மேலே மட்டும்தான் எடுக்க முடியும். அந்த இடைவெளியில் நாம் முன்னேறலாம். மணிக்கட்டைச் சுழற்றினால் இது வராது. பேடிலைத் தளர்வாகப் பிடித்து, தோளிலிருந்து கையை ஊஞ்சல் போல விட வேண்டும். குழந்தைக்குப் பந்து போடுகிற கை.

யூடியூப் பார்த்துவிட்டு மூன்றாவது அடி எல்லாமே மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அதுவும் தேவையில்லை. எதிராளி திருப்பிய பந்து குட்டையாக, உயரமாக வந்தால் தயங்காமல் அடியுங்கள்.

சர்வீஸ் போடும் முறையில் ஒரே ஒரு விஷயம். டேபிள் டென்னிஸ் ஆட்கள் விரலால் பந்தைச் சுழற்றிவிட்டு சர்வீஸ் போடப் பார்ப்பார்கள். 2023 முதல் அதற்கு அனுமதி இல்லை. இடுப்புக்குக் கீழே, கீழிருந்து மேலாக அடிப்பதில் யாருக்காவது சந்தேகம் வந்துகொண்டே இருந்தால், பந்தைக் கையிலிருந்து சும்மா நழுவவிட்டு, துள்ளிய பிறகு அடியுங்கள். இதற்கு அந்தக் கட்டுப்பாடுகள் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கிச்சனும் முன் பின் ஜோடியும்

கிச்சனுக்குள் கால் வைக்கவே கூடாது என்று பயப்படுகிறவர்கள் பாதி. பந்து துள்ளியிருந்தால் தாராளமாக உள்ளே போகலாம். துள்ளாத பந்தை அங்கே நின்று அடிப்பதுதான் கூடாது. ஷட்டில்காரர்கள் மாட்டுவது வேறு விதத்தில். வலையோரம் உயர்ந்த பந்தை வெளியே நின்றுதான் கொல்கிறார்கள், ஆனால் அந்த வேகத்தில் கால் உள்ளே போய்விடுகிறது. பந்து செத்த பிறகு போனாலும் அது ஃபவுல்தான். தொப்பி கழன்று உள்ளே விழுந்தாலும் ஃபவுல். எட்டிப் பாய்ந்து கொல்வதைப் பெருமையாகப் பழகிய காலுக்கு இது பெரிய தண்டனை.

இன்னொன்று ஜோடியாக நிற்கும் முறை. ஷட்டிலில் தாக்கும்போது ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. இங்கே அப்படி நின்றால் நடுவில் லாரி போகிற அளவுக்கு வழி திறக்கும். பிக்கிள்பாலில் இருவரும் பக்கம் பக்கமாக, ஒரே கயிற்றில் கட்டியது போல முன்னே வந்து பின்னே போக வேண்டும். நடுவில் வரும் பந்து யாருக்கு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். பெரும்பாலும் முன்கைப் பக்கம் (ஃபோர்ஹேண்ட்) இருப்பவர் எடுப்பது நல்லது. கணவன் மனைவி ஜோடிகள் இதைக் கட்டாயம் முன்பே பேச வேண்டும்!

டிங்க் ஆடும்போது, அதாவது இரு பக்கமும் கிச்சனுக்குள் மெல்லப் போட்டுக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது பந்திலேயே நமக்குப் பொறுமை போய்விடும். வலைக்குக் கீழே இருக்கும் பந்தை வேகமாக அடித்தால் அது மேலே ஏறித்தான் போகும், எதிராளிக்கு விருந்து. வலைக்கு மேலே வரும் வரை காத்திருங்கள். இந்த ஒரு கட்டுப்பாடு எனக்கு வாங்கிக் கொடுத்த பாயிண்ட்டுகளை 15,000 ரூபாய் பேடில் வாங்கிக் கொடுக்கவில்லை. (ஆமாம், வாங்கினேன். வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.)

அப்புறம், எல்லாவற்றையும் தொடுவது. தரையில் விழவிடக் கூடாது என்பது ஷட்டிலின் பாலபாடம். இங்கே கிச்சன் கோட்டில் நிற்கும்போது தோள் உயரத்தில் விறைப்பாக வரும் பந்து பெரும்பாலும் வெளியேதான் போகும். உடம்பைத் திருப்பி விட்டுவிடுங்கள். என் ஜோடி "விடு, விடு" என்று கத்தியும் அடித்த பந்துகளுக்குக் கணக்கில்லை.

உடம்பு

ஷட்டில்காக் சுமார் 5 கிராம். இந்தப் பந்து கிட்டத்தட்ட 25 கிராம். ஷட்டில் ராக்கெட் 80, 90 கிராம் என்றால் பேடில் 220 கிராமுக்கு மேல். அதே மணிக்கட்டுச் சொடுக்கை இதில் போட்டால் இரண்டு மாதத்தில் முழங்கை வலி வரும். பேடிலை இறுக்கிப் பிடிப்பதும் அதைக் கூட்டும்.

தலைக்கு மேல் பந்து போனால் முகத்தை முன்னே வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடாதீர்கள். திரும்பி ஓடுங்கள், அல்லது ஜோடிக்கு விடுங்கள். வயதானவர்கள் பின்பக்கமாக விழுந்து கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடப்பது. ஓட்டப்பயிற்சி ஷூவும் வேண்டாம். அது நேராக ஓடுவதற்குச் செய்தது, பக்கவாட்டில் கால் மடங்கும்.

சென்னை வெயிலில் வெளிக் கோர்ட் என்றால் பந்தையும் கவனியுங்கள். வெளியே ஆடுவதற்கு 40 ஓட்டைப் பந்து, உள்ளரங்குக்கு 26 ஓட்டைப் பந்து. சூட்டில் பிளாஸ்டிக் இளகி, பந்து கோணலாகத் துள்ளும். காரில் விட்டுவிட்டு வந்த பந்துகளைத் தரையில் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு ஆடுங்கள்.

கிளப்பில் மனிதர்களோடு

ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு சர்வீஸ் போடுங்கள், மூன்று எண்களையும்: நம் பாயிண்ட், எதிராளி பாயிண்ட், சர்வீஸ் போடுகிறவர் ஜோடியில் முதல் ஆளா இரண்டாவது ஆளா என்பது. ஆட்டம் 0-0-2 என்று தொடங்குவதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். முதலில் சர்வீஸ் போடும் ஜோடிக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் என்பதால், அவர்கள் "இரண்டாவது ஆள்" என்ற கணக்கில் ஆரம்பிக்கிறார்கள், அவ்வளவுதான். நம் பக்கக் கோட்டை நாம்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பாயிண்ட் எதிராளிக்கு. இதில் ஏமாற்றுகிறவரோடு ஆட யாரும் வரமாட்டார்கள் என்பது மூன்று வாரத்தில் தெரியும்.

கேட்காமல் கோச்சிங் கொடுப்பதை விட்டுவிடுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஜோடியிடம் ஆட்டத்தின் நடுவில் "நீங்க பேடிலைக் கொஞ்சம் மேலே வெச்சுக்கணும், மேடம்" என்று சொல்வதால் பேடில் மேலே போவதில்லை, மனசுதான் கீழே போகிறது. முடிந்த பிறகு கேட்டால் சொல்லலாம்.

முன்னேறாமல் நிற்பவர்களின் தவறு ஒன்றுதான்: வந்ததிலிருந்து போகும் வரை மேட்ச் மட்டுமே ஆடுவது. மேட்சில் கை பழைய ஆட்டத்துக்கே ஓடும், ஏனென்றால் ஜெயிக்க வேண்டும். அந்த 60 வயது அம்மாவிடம் கேட்டேன், எங்கே கற்றுக்கொண்டார் என்று. "கத்துக்கல்லாம் இல்ல தம்பி. நாங்க ரெண்டு பேரும் தினமும் ஆறு மணிக்கு வந்து, ஆளுங்க சேர்ற வரைக்கும் சும்மா கிச்சன்ல போட்டுக்கிட்டிருப்போம்" என்றார். தினம் 15 நிமிஷம் டிங்க், பத்து நிமிஷம் பின்னாலிருந்து தேர்ட் ஷாட், பாயிண்ட் எண்ணாமல். இதுதான் அவர்கள் ரகசியம். இப்போது நானும் ஆறு மணிக்குப் போகிறேன். கிளப் வாட்ஸப் குழுவில் "ட்ரில் பண்ண யார் வர்றீங்க?" என்று கேட்டால் 40 பேரில் ஒருவர்தான் கை தூக்குகிறார். ஒருவர் போதும்.