பீர்க்கன் காய்க்கவில்லையா? சாயங்காலம் கொடிப் பக்கம் போங்கள்

"பூவெல்லாம் கொட்டுது, ஒரு பிஞ்சுகூட நிக்கலை" என்று யாராவது சொன்னால், "சாயங்காலம் கொடிப் பக்கம் போறீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பீர்க்கன் பூ மாலை ஐந்து மணிவாக்கில்தான் விரியத் தொடங்கும், அப்போது மகரந்தம் சேர்ந்தால்தான் பிஞ்சு நிற்கும்.

அதற்கு முன் விதை. எங்கள் லால்குடிக் கொல்லையில் ஆடிப்பட்டத்தில் போடுவேன். அது தவறினால் தை. முற்றிய கறுப்பு விதையை ராத்திரி ஊறப்போட்டு, ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை தெரிந்ததும் ஊன்றிவிடுங்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட வேண்டாம். வேர் அசைந்தால் கொடி சுணங்கும். ஓரடி நீள அகல ஆழத்தில் குழி, அதில் மேல்மண்ணும் மட்கிய தொழுவுரமும், குழிக்கு ஐந்து விதை. இரண்டு வாரத்தில் திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றதை அடியோடு கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

இளஞ்செடியைச் சிவப்பு வண்டு கடித்துத் துளைக்கும். பனி ஈரம் காயுமுன் இலையில் சாம்பல் தூவுங்கள். அந்நேரம் வண்டும் மந்தமாக இருக்கும், கையாலேயே பிடித்துவிடலாம்.

பந்தல் ஆறடி உயரம் போதும். அதை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி, சணலில் ஒற்றைக் கொடியாக ஏற்றுங்கள். ஏறியபின் நுனியைக் கிள்ளினால் நன்றாகப் படரும்.

முதலில் கொத்தாக வருபவை ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும், பதற வேண்டாம். பெண் பூ தனியாக, அடியில் வரிவரியான குட்டிப் பிஞ்சோடு வரும். தரைத் தோட்டத்தில் மகரந்தம் சேர்க்கும் வேலையை அந்துப்பூச்சிகள் பார்த்துக்கொள்ளும். மாடித் தோட்டத்தில் அவை வராவிட்டால் நாம்தான் செய்ய வேண்டும். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். எனக்கு நாளில் மிகப் பிடித்த வேலை இதுதான்.

பிஞ்சு பிடித்ததும் காகிதப் பை கட்டினால் பழ ஈ அதில் முட்டையிடாது. அழுகி விழுந்ததைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். காய் நகம் இறங்கும் பதத்திலேயே பறியுங்கள். சமைக்குமுன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயே வேண்டாம். வேகவைத்தாலும் கசப்பு போகாது, வயிற்றைக் கெடுக்கும்.

விதைக்கு, கசப்பில்லாமல் காய்த்த கொடியில் ஒரு காயைப் பறிக்காமல் விட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் நுனி மூடியைத் தட்டினால் விதை கொட்டும். மிஞ்சிய நார் பாத்திரம் தேய்க்க ஆகும். பக்கத்தில் நுரைப்பீர்க்கன் (வரியில்லாத வழுவழுப்பான வகை) இருந்தால் மகரந்தம் கலந்துவிடலாம். ஆகவே விதைக்கான பெண் பூவையும் ஒரு ஆண் பூவையும் விரியுமுன்பே மதியம் நூலால் கட்டி, மாலையில் அவிழ்த்து மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள்.