நாற்பது லிட்டர் கடலைக் கெடுக்கும் வழிகள்

கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கணக்குப் போடுகிறார்கள். முதலில் சின்னதாக ஒரு தொட்டி வைத்துப் பார்ப்போம், கை பழகிய பிறகு பெரியதற்குப் போகலாம் என்று. நானும் அப்படித்தான் ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்து ஹாலில் வைத்தேன். பேச்சுக்கு நாற்பது லிட்டர். கல்லும் மணலும் போட்ட பிறகு உள்ளே நின்ற தண்ணீர் 32 லிட்டர்தான், அதாவது இரண்டு குடம். கடலில் ஓர் இறால் செத்தால் கடலுக்குத் தெரியாது. இரண்டு குடம் தண்ணீரில் ஓர் இறால் செத்து ராத்திரி முழுக்கக் கிடந்தால், காலையில் மொத்தத் தொட்டிக்கும் தெரிந்துவிடும்.

சின்னத் தொட்டிக்கு இடம் குறைவு, செலவு குறைவு. ஆனால் தவறைத் தாங்கும் சக்தியும் அதற்குக் குறைவு. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

முதலில் உப்பு. கடல் என்றால் உப்புத் தண்ணீர், மரக்காணம் கல் உப்பு கிலோ இவ்வளவுதான், அதைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்காத ஆளே இல்லை. பதில் உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் கடல் நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. கால்சியத்தின் பெரும்பகுதி முதலிலேயே ஜிப்சமாக அடியில் இறங்கிவிடும். அதன் பிறகுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு படியும். மக்னீசியத்தில் பெரும்பங்கு கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆக, கல் உப்பு என்பது கடலிலிருந்து ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்தது. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டால் கடல் வராது, ஊறுகாய் ஜாடி வரும். ஒரு லிட்டர் கடல் நீரில் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம் இருக்கிறது. இவையும், நீரின் காரத்தன்மையைப் பிடித்து வைத்திருக்கும் பைகார்பனேட்டும் இருந்தால்தான் பவளமும், கல்லில் படரும் ஊதா நிறப் பாசியும் வளரும். இதற்கென்றே விற்கும் ரீஃப் சால்ட், அதாவது பவளத் தொட்டி உப்புதான் வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை பிடிக்கும், பிராண்டைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

சரி, கடலே பக்கத்தில் இருக்கிறதே, பெசன்ட் நகரில் ஒரு கேன் பிடித்து வந்தால்? கரையோரத் தண்ணீரில் அடையாறும் கூவமும் கொண்டு வந்து சேர்ப்பதெல்லாம் கலந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்று வெள்ளம் சேர்ந்து உப்பும் நீர்த்துப் போகும். ஆழத்தில் போய் எடுத்து, வடிகட்டி, சோதித்துப் பயன்படுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். கேன் பிடிக்கப் போகிறவர் அந்த ஆள் இல்லை.

உப்பைவிட எனக்கு அதிகச் செலவு வைத்தது, அதைக் கரைக்கும் தண்ணீர். "வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே" என்று நானும் நம்பினேன். குடிநீர் ஆர்ஓ இயந்திரம் நம் நாக்குக்காகச் செய்யப்பட்டது. ருசிக்காக அதில் கொஞ்சம் தாதுவை விட்டு வைப்பார்கள், அல்லது திரும்பச் சேர்ப்பார்கள். தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம், உங்கள் இயந்திரம் 40, 60 என்று காட்டும். அதோடு வந்து சேரும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்குத் தீனி. ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்சத் தாதுவையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றை மாட்டினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றும் யோசனையும் சொல்வார்கள். மீட்டர் அதற்கு நல்ல மதிப்பெண்தான் கொடுக்கும். ஆனால் பல ஏசிகளில் அது தாமிரச் சுருளைத் தொட்டு வருகிறது. மீன் ஓரளவு தாங்கும் தாமிரத்தை இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. இதே காரணத்தால், மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனைத் தனி வாளிக்கு மாற்றித்தான் வைத்தியம்.

இப்போது என் கதை. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். அதனால் குறைந்த அளவுக்கு ஊற்ற வேண்டியது வெறும் ஆர்ஓ-டிஐ தண்ணீர். இதைப் படிக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு மே மாதம் கல்யாணத்துக்காக ஒரு வாரம் திருநெல்வேலிக்குப் போனேன். தொட்டியைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். பக்கத்தில் இரண்டு கேன்: ஒன்றில் கரைத்து வைத்த உப்பு நீர், மற்றதில் வெறும் நீர். கேன் மேல் எதுவும் எழுதவில்லை. தினமும் ஒரு லிட்டர் ஊற்று என்று சொன்னேனே தவிர, எதிலிருந்து என்று சொல்லவில்லை. அவன் தன் அறிவுக்கு எட்டியபடி சரியாகத்தான் செய்திருக்கிறான். "அண்ணா, கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே ஊத்தணும்?"

ஏழு நாள், ஏழு லிட்டர் உப்பு நீர். ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டிய உப்பு 42-ஐத் தாண்டியிருந்தது. கோமாளி மீன் இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் நின்றன. இறால் உயிரோடுதான் இருந்தது. அதைக் கொன்றது நான். பதறிப்போய் ஒரே மூச்சில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு வெறும் நீரை ஊற்றினேன். உப்பு ஏறியது ஒரு வாரத்தில், நான் இறக்கியது கால் மணி நேரத்தில். மீன்கள் தப்பின, இறால் அன்று ராத்திரியே போய்விட்டது. ஏறியதைவிட வேகமாக இறக்கக்கூடாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. இரண்டு மூன்று நாளாவது எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்க வேண்டும்.

தம்பியே ஊற்றாமல் விட்டிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது. 32 லிட்டரில் தினம் ஒரு லிட்டர் போனால் மூன்றே நாளில் 35 என்பது 38.6 ஆகிவிடும். பெரிய தொட்டிக்காரர் கவனிக்கவே தேவையில்லாத அளவு அது. மிதவை வைத்துத் தானாக நிரப்பும் சின்ன மோட்டார் ஒன்று இருக்கிறது. தொட்டி வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள், அலங்காரக் கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உப்பை அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது, ஆனால் அதை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. 35 என்று குறித்து விற்கும் சோதனைக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு பொய்யாகிவிடும்.

வெயிலும் இதோடு சேர்ந்ததுதான். ரீஃப் தொட்டிக்கு 25, 26 டிகிரி சுகம். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத ஹாலில் மூடி போட்டு, மேலே விளக்கையும் எரியவிட்டால் 32-க்கு ஏறும். தண்ணீர் சூடு மிகுந்த கோடைகளில் மன்னார் வளைகுடாப் பவளங்களே வெளுத்துப் போயிருக்கின்றன, 2010-லும் 2016-லும் அப்படித்தான் நடந்தது. கடலிலேயே தாங்காத சூட்டை ஹாலில் மட்டும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூடியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சி ஆவியாவதால் வருவது. ஃபேன் ஓட ஓட உப்பு ஏறும். ஒரு பிரச்சினையைத் தீர்க்கும்போதே இன்னொன்றைத் தொடங்கிவைக்கிறோம், அதனால்தான் தானாக நிரப்பும் மோட்டாரை அவ்வளவு அழுத்திச் சொன்னேன். புழுக்கமான நாளில் ஃபேன் அவ்வளவாக வேலை செய்யாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐஸ் கட்டி போட்ட பாட்டிலை மிதக்கவிடுவது வேண்டாம். அரை மணியில் நாலு டிகிரி இறங்கி, மதியம் திரும்ப ஏறும் அந்த ஊஞ்சலை எந்தப் பவளமும் விரும்பாது.

கரண்ட் போனால் விளக்கை மறந்துவிடலாம், அரை நாள் இருட்டில் யாரும் சாக மாட்டார்கள். தண்ணீர் அசையாமல் நின்றால்தான் ஆபத்து. சூடான உப்பு நீரில் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பம்பை அந்த லைனில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். ஒயர்களைப் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். உப்பு நீர் ஒயர் வழியாகவே நடந்து போய் ஸ்விட்ச் போர்டைத் தொடும்.

அவசரம் எல்லோருக்கும் உண்டு. தொட்டியை நிரப்பிய மறுநாளே மீன் வாங்கக் கொளத்தூருக்குக் கிளம்பிவிடுவோம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். இந்தக் கூட்டங்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடல் நீரின் பிஹெச் 8.2 பக்கத்தில் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிக நஞ்சாக வேலை செய்யும். மீன் இல்லாமலே, ஒரு சின்ன இறால் துண்டை உள்ளே அழுகவிட்டு இந்தக் கட்டத்தைக் கடக்கலாம். வீடு கொஞ்சம் காசிமேடு மாதிரி மணக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகும் சில வாரம் மணலும் கண்ணாடியும் பழுப்பாகும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும். மருந்து ஊற்றாதீர்கள்.

மீன் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைவிடத் தொட்டியின் அளவு சொல்வதைக் கேளுங்கள். நீல டாங் ஓர் அடி வளரும் மீன், அதற்கு இந்தத் தொட்டி ஒரு டிபன் பாக்ஸ். மேண்டரின் மீன் பார்க்க அத்தனை அழகு. ஆனால் கல்லில் ஊரும் நுண்ணிய கோப்பிபாடுகளைத்தான் நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும், சின்னத் தொட்டியில் அவை தீர்ந்ததும் மெல்லப் பட்டினியில் சாகும். விலை மலிவு என்று டாம்செல் வாங்கினால் அது மற்ற எல்லோரையும் விரட்டும். இரண்டு கோமாளி மீன், அல்லது ஒரு கோபியும் அதோடு கூட்டுக் குடித்தனம் நடத்தும் பிஸ்டல் இறாலும், அவ்வளவுதான் இந்த வீட்டுக்குத் தாங்கும். கோமாளி மீன் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்கும் இனம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததை வாங்காமல் தொட்டியில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள், தீனியும் உடனே எடுக்கும். கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி, அதாவது பூ மாதிரி இருக்கும் அந்தக் கடல் உயிரி, கட்டாயம் என்பது சினிமா நினைப்பு. சாமந்தி இடம் பிடிக்காவிட்டால் நடக்கும், நடந்து போய் பம்பில் சிக்கினால் மொத்தத் தொட்டியும் நஞ்சாகும்.

பவளம் வாங்குவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் எல்லாக் கடினப் பவளங்களும் கருப்புப் பவளமும் கடல் விசிறியும் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் அதே ஆண்டு சேர்ந்தது. புலிக்கு உள்ள அதே அட்டவணை. ராமேஸ்வரம் போய்விட்டு வரும்போது கரையில் ஒதுங்கிய வெள்ளைப் பவளக் கல்லைத் தொட்டிக்கு என்று பையில் போட்டுக்கொள்வதும் இதில்தான் வரும், செத்த கல் என்பது சாக்கு ஆகாது. "இது வெளிநாட்டு மால் சார்" என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டாம். அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள உயிரினத்தை உயிரோடு வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது, கடினப் பவளங்கள் அத்தனையும் அந்தப் பட்டியலில் உண்டு. கல்லுக்குச் செயற்கையாகச் செய்த டிரை ராக் கிடைக்கிறது. உயிருக்கு மஷ்ரூம், ஜோவாந்திட் போன்ற, எலும்புக்கூடு இல்லாத மென்மையான பவள வகைகளைப் பில்லோடு வாங்குங்கள். முதல் தொட்டிக்கு உண்மையில் அவைதான் ஏற்றவை, கொஞ்சம் அழுக்குத் தண்ணீரைக்கூடத் தாங்கும்.

ஆனால் ஜோவாந்திட்டைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அதன் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வேண்டாத ஜோவாந்திட் படர்ந்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கொதிக்க வைக்காதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொடாதீர்கள்.

கடைசியாக, எண்ணைத் துரத்தும் வியாதி. சோதனைக் கிட் வாங்கியதும் கால்சியம் 400, புத்தகத்தில் 420 என்று ஒரு பாட்டிலைத் திறப்போம். அது காரத்தன்மையை இடிக்கும், அதைச் சரிசெய்ய இன்னொரு பாட்டில். மென்மையான பவளங்கள் மட்டும் உள்ள 32 லிட்டருக்கு இந்தப் பாட்டில்கள் எதுவும் தேவையில்லை. வாரம் மூன்று நாலு லிட்டர் புது உப்பு நீரை மாற்றினாலே தீர்ந்தது எல்லாம் திரும்பி வரும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்ப் பெருமைப்பட்டவர்களின் தொட்டியில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி மணல் முழுக்கப் படர்ந்தது, என் தொட்டியும் அதில் ஒன்று. நைட்ரேட் ஐந்தோ பத்தோ இருக்கட்டும். மாற்றும் நீரை முந்தின நாளே கரைத்து, பம்ப் போட்டுக் கலக்கி, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இப்போது என் வீட்டில் இரண்டு கேன் மேலும் மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது: ஒன்றில் "உப்பு", இன்னொன்றில் "தம்பி, இதை மட்டும் ஊற்று".