நத்தார் ரிச் கேக்: வீட்டு அவணில் சுடும் முறை

இலங்கையில் நத்தாருக்கும் கலியாண வீடுகளுக்கும் செய்யப்படும் ரிச் கேக்கைச் சாதாரண பட்டர் கேக்கின் சற்றே கனத்த வடிவம் என்று எண்ணித் தொடங்குபவர்களே பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். இதில் கோதுமை மா இல்லை, பொங்கவைக்கும் பேக்கிங் பவுடரும் இல்லை. ரவை, பட்டர், முட்டை மஞ்சட்கரு ஆகிய மூன்றும் சேர்ந்து, தம் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேலான பழங்களைப் பிடித்துவைப்பதற்காகவே இருக்கின்றன. ஆங்கிலேயரின் பழக் கேக்கும், ரவையும் கஜு என்னும் முந்திரிப்பருப்பும் பன்னீரும் சேரும் லவ் கேக்கும் ஒரே அடுக்களையில் சந்தித்ததன் விளைவு இது என்பதை நாக்கே சொல்லிவிடும். ஆகவே கேக் எழும்பவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. தட்டையாகவும் கனமாகவும் உள்ளே ஈரமாகவும் இருப்பதுதான் இதற்கு அழகு.

சுட்ட அன்றே தின்பதற்கு உகந்த கேக் அன்று இது. மசாலாவின் காரமும் பிராண்டியின் நெடியும் அடங்கிப் பழங்களோடு ஒன்றாவதற்குக் குறைந்தது ஒரு வாரமாவது வேண்டும், மூன்று வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. எனவே நவம்பர் கடைசியில் பழங்களை ஊறப்போட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் சுட்டு, 20ஆம் திகதிக்குப் பிறகு வெட்டிப் பொதி செய்வது என்று நாட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டால் பண்டிகைக்கு முதல் நாள் பதற வேண்டியிராது.

இங்கே தரப்படும் அளவு, 20 சென்ரிமீற்றர் நீள அகலமும் 7 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள சதுரத் தட்டு ஒன்றுக்கு உரியது. ஊறவைப்பதற்குப் பிளம்ஸ் எனப்படும் கறுத்த உலர்திராட்சை 200 கிராம், சுல்தானா 150 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், சீனியில் பதப்படுத்திய செர்ரி 100 கிராம், அதேபோலப் பதப்படுத்திய தோடம்பழத் தோல் 75 கிராம், பிராண்டி 75 மில்லிலீற்றர் ஆகியவை தேவை. பாகில் ஊறிய இஞ்சி 75 கிராமும், சீனிப்பாகில் பதப்படுத்திய சௌசௌ பிரிசர்வ் 200 கிராமும், நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சி எடுத்த பிரிசர்வ் 150 கிராமும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கலவைக்கு மெல்லிய ரவை 125 கிராம், பட்டர் 175 கிராம், சீனி 200 கிராம், கஜு 150 கிராம், ஆறு முட்டைகளின் மஞ்சட்கரு, அவற்றில் மூன்றின் வெள்ளைக்கரு என்பன வேண்டும். வாசனைக்குப் பன்னீர் ஒரு மேசைக்கரண்டி, தேன் ஒன்றரை மேசைக்கரண்டி, வனிலா இரண்டு தேக்கரண்டி, ஆமண்ட் எசன்ஸ் அரைத் தேக்கரண்டி, ஒரு தேசிக்காயின் துருவிய தோல், ஏலக்காய்த்தூள், கறுவாத்தூள், துருவிய சாதிக்காய் ஆகியவற்றில் தலா அரைத் தேக்கரண்டி, கராம்புத்தூள் கால் தேக்கரண்டி ஆகியவற்றை எடுத்துவைக்கலாம். கராம்பை இதற்கு மேல் கூட்டினால் மற்றெல்லா வாசனைகளையும் அது அமுக்கிவிடும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பூசணி பிரிசர்வ் கிடைக்காவிட்டால், ஆக்ரா பேட்டா என்று கடைகளில் விற்கப்படும் இனிப்பை வாசனையேதும் சேராததாகப் பார்த்து வாங்கினால் போதும், அதுவும் நீற்றுப்பூசணியில் செய்ததுதான். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள இலங்கைக் கடைகளில் சௌசௌ, பூசணி இரண்டுமே நத்தாரை ஒட்டி வந்துவிடும். சௌசௌ அறவே கிடைக்காத ஊரில் இஞ்சியையும் பூசணியையும் அந்த அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பாகுப் பழங்களை எல்லாம் விட்டுவிட்டு உலர்பழங்களால் மட்டும் எடையை நிரப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படிச் செய்தால் வருவது ஆங்கிலேயரின் கேக்காக இருக்குமேயன்றி இதுவாக இராது.

பழங்களை வெட்டுவதுதான் நேரத்தை விழுங்கும் வேலை. ஆங்கிலேயரின் கேக்கில் முழுப் பிளம்ஸும் பாதிச் செர்ரியும் கண்ணுக்குத் தெரியக் கிடக்கும், ரிச் கேக்கிலோ எந்தப் பழம் எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் பொடியாக இருக்க வேண்டும். ஒரு பிளம்ஸை மூன்று நான்காகவும் மற்றவற்றை அதே அளவுக்கும் கத்தியால் வெட்ட வேண்டும். மிக்சியில் போட்டால் களியாகிவிடும். கத்தியில் பிசுபிசுப்பு ஏறும்போதெல்லாம் அதைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்துக்கொண்டால் வேலை ஓடும். வெட்டிய உலர்பழங்களைப் பிராண்டியோடு கலந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, நாளுக்கு ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். ஒரு வாரம் ஊறினால் நல்லது, அவசரமென்றால் ஓர் இரவு போதும். மது சேர்க்காதவர்கள் தோடம்பழச் சாற்றிலோ கறுப்புத் திராட்சைச் சாற்றிலோ ஊறவைக்கலாம். ஆனால் சாறு புளித்துவிடும் என்பதால் ஓர் இரவுக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, சுட்ட கேக்கையும் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இஞ்சி, சௌசௌ, பூசணி மூன்றையும் சுடும் நாளில் பாகு வடித்துப் பொடியாக வெட்டினால் போதும். வடித்த பாகைக் கொட்டிவிட வேண்டாம், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கஜுவைத் தூளாக்காமல் பச்சைப்பயற்று அளவுக்குக் கத்தியால் கொத்த வேண்டும். தூளாக்கினால் எண்ணெய் விட்டுக் கலவையை இறுக்கிவிடும், பெரிதாக விட்டால் பின்னர் வெட்டும்போது கத்தி அதில் தட்டித் துண்டு உடையும்.

இனி ரவை. இந்தக் கேக்கின் தன்மையைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோதுமை மாவை ஈரத்தோடு சேர்த்து அடிக்கும்போது அதிலுள்ள புரதம் இழையாக இழுபட்டு, காற்றைப் பிடித்துக் கேக்கை உயர்த்துகிறது. ரவையோ மணியாகவே இருந்து, தன்னைச் சுற்றியுள்ள பட்டரையும் பழப்பாகையும் உறிஞ்சி ஊதுகிறது. அதனால்தான் இந்தக் கேக் வாயில் பொலபொலவென்று உதிர்ந்தும் காயாமல் இருக்கிறது. ஆனால் மணி ஊறுவதற்கு நேரம் வேண்டும். அடித்தவுடன் அவணில் வைத்தால் ரவை பாதி ஊறிய நிலையிலேயே வெந்து, பல்லில் நறநறக்கும். ஆகையால் சுடுவதற்கு முதல் நாள் இரவே, ரவையை அடிகனமான சட்டியில் மிகச் சிறிய தீயில் நிறம் மாறாமல், சூடேறி மணம் வரும் வரை மட்டும் வறுத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இளகிய பட்டரோடு சேர்த்துக் கையால் பிசைந்துவிட வேண்டும். ஒவ்வொரு மணியிலும் பட்டர் படிந்து, ஈர மணலைப்போல் கையில் ஒட்டிப் பின் உதிர்வதே பதம். அதை மூடி வெளியிலேயே வைத்தால் காலையில் மென்மையாக இருக்கும். கடையில் கிடைப்பவற்றுள் மிக மெல்லிய ரவையையே தேர்ந்தெடுக்க வேண்டும். உப்புமாவுக்கு வாங்கிய பெருமணி ரவைதான் வீட்டில் இருக்கிறது என்றால், மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சலித்துக்கொள்ளலாம்.

கலவையைத் தொடங்குவதற்கு முன்பே தட்டைத் தயாராக்கிவிட வேண்டும். நீண்ட நேரம் சுடுவதால் அடியும் ஓரமும் நடுப்பகுதிக்கு முன்பே காய்ந்து கருகிவிடும் ஆபத்து இருக்கிறது. அதைத் தடுக்கத் தட்டின் உட்புறத்தில் முதலில் மூன்று மடிப்புப் பத்திரிகைத்தாளும், அதன் மேல் இரண்டு மடிப்பு எண்ணெய்த்தாளும் இட வேண்டும். அச்சு மை உணவில் படாதபடி எண்ணெய்த்தாள் எல்லாப் பக்கமும் முழுமையாக மூடியிருக்க வேண்டும், தாளின் விளிம்பு தட்டின் விளிம்பை விட இரண்டு விரற்கடை உயர்ந்திருக்க வேண்டும். உள்தாளில் பட்டர் பூசிவிட்டால் இந்த வேலை முடிந்தது.

முட்டைகள் குளிர்ச்சி போன பின் மஞ்சட்கருவையும் சீனியையும் சேர்த்து, நிறம் வெளிறித் தடித்து, அடிப்பானைத் தூக்கினால் நாடாவைப்போல் விழும் வரை அடிக்க வேண்டும். சீனி முழுவதும் கரையவில்லையே என்று அடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை, பழத்தின் ஈரத்தில் மீதி கரைந்துவிடும். இதோடு பட்டரில் ஊறிய ரவையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலந்த பிறகு அடிப்பானுக்கு வேலை இல்லை, பெரிய பாத்திரமும் மரக்கரண்டியும் போதும். பழங்களை ஊறிய பிராண்டியோடு கொட்டி, இஞ்சி, சௌசௌ, பூசணி, கஜு, மசாலாத்தூள்கள், தேசித் தோல், தேன், பன்னீர், எசன்ஸ் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பலர் கரண்டியை வைத்துவிட்டுக் கையை விடுவார்கள், அதுவே சரி என்பது என் எண்ணம். பழத்துண்டுகள் ஒட்டிக்கிடக்கும் கட்டிகள் கைக்குத் தட்டுப்படுவதுபோல் கரண்டிக்குத் தட்டுப்படுவதில்லை. கலவை கரண்டியிலிருந்து தானாக விழாமல், தட்டினால் விழும் இறுக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிட இறுகியிருந்தால் வடித்துவைத்த பாகில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம்.

கடைசியாக மூன்று வெள்ளைக்கருக்களை நுரை முனை நிற்கும் வரை அடித்து, முதலில் கால்பங்கைத் தாராளமாகக் கலந்து கலவையை இளக்கி, மீதியை மெதுவாக மடித்துச் சேர்க்க வேண்டும். இது கேக்கைப் பொங்கவைப்பதற்கன்று, பழம் கட்டியாக இறுகிப்போகாமல் சற்று மூச்சுவிடச் செய்வதற்கே. அதனால்தான் ஆறு வெள்ளைக்கருவும் தேவைப்படுவதில்லை. மீந்த மூன்றையும் வீணாக்க மனமில்லாதவர்கள் கொத்திய கஜுவும் சீனியும் சேர்த்துத் தூத்துக்குடி மக்ரூன் செய்து பார்க்கலாம், அதற்கு வேண்டியவை அவ்வளவுதான்.

கலவையைத் தட்டில் இட்டு, மூலைகளில் வெற்றிடம் இல்லாதபடி அழுத்தி, ஈரக்கையால் மேற்பரப்பைச் சமப்படுத்த வேண்டும். முன்பு ஊர்களில் வீட்டில் அவண் இல்லாதவர்கள், கேக்கை அடித்துத் தட்டோடு பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். பாண் சுட்டு முடிந்த போறணையின் அடங்கிய சூடு இந்தக் கேக்குக்கு அளந்து வைத்ததுபோல் பொருந்தும். வீட்டு அவணிலும் அந்தச் சூட்டையே கொண்டுவர வேண்டும். 140 பாகை செல்சியசில் முன்கூட்டியே சூடாக்கி, மின்விசிறி உள்ள அவணென்றால் 120 பாகையில் நிறுத்தி, தட்டைக் கீழ்த்தட்டிலோ நடுவிலோ மடித்த பத்திரிகைத்தாளின் மேல் வைக்க வேண்டும். அந்தத் தாள் சூடேற்றும் கம்பியைத் தொடக் கூடாது. எரிவாயுவில் எரியும் அவணில் தாள் வைக்கவே வேண்டாம், மற்றொரு வெறும் தட்டைக் கீழே வைத்தால் போதும். ஒரு மணி நேரம் கழிந்து மேற்பரப்பு பொன்னிறமானதும் அலுமினியத்தாளால் தளர்வாக மூடிவிட வேண்டும். மொத்தத்தில் இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை பிடிக்கும்.

வெந்ததா என்று பார்ப்பதில்தான் அனுபவம் உள்ளவர்களும் சறுக்குகிறார்கள். ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தால் சுத்தமாக வர வேண்டும் என்ற பட்டர் கேக்கின் விதியை இங்கே பின்பற்றினால், கேக் காய்ந்துபோகும் வரை அவணில் கிடக்கும். இதில் ஈர்க்கு சுத்தமாக வராது, வரவும் கூடாது. அதில் பழத்தின் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கலாம், வெளிறிய மஞ்சளாக வழியும் பச்சைக் கலவை மட்டும் இருக்கக் கூடாது. விரலால் நடுவில் மெல்ல அழுத்தும்போது குழி விழாமல் தாங்குவதும், ஓரம் தாளைவிட்டுச் சற்றே விலகி நிற்பதும் துணை அடையாளங்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் உள்ளே பாகு கொதிக்கும் மெல்லிய சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் ஏறத்தாழ அடங்கியதும் வெளியே எடுக்கலாம். ஐயமாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் வைப்பதைவிட, அவணை நிறுத்திவிட்டு உள்ளேயே பத்து நிமிடம் விட்டுவைப்பது பாதுகாப்பானது.

எடுத்த கேக்கைத் தட்டிலிருந்து கவிழ்க்க அவசரப்பட வேண்டாம், சூட்டில் உடைந்துவிடும். இளஞ்சூடாக இருக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி பிராண்டியை மேலே தெளித்து, துணியால் மூடி, மறுநாள் வரை அப்படியே விட வேண்டும். பிறகு புதிய எண்ணெய்த்தாளிலும் அலுமினியத்தாளிலும் சுற்றி, காற்றுப் புகாத பேணியில் வைக்கலாம். பழத்திலுள்ள மிகுந்த சீனியும் மதுவும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்காமல் தடுப்பதால், மது சேர்த்த கேக் நம் வெக்கையிலும் சில வாரங்கள் வெளியிலேயே தாங்கும். எறும்புகளுக்கு மட்டும் இந்த நியாயம் எதுவும் தெரியாது என்பதால், பேணியைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தின் மேல் ஏற்றிவைப்பது நல்லது.

மேலே கஜு ஐசிங் இட விரும்புவோர், 200 கிராம் கஜுவை நன்றாகக் குளிரூட்டி, எண்ணெய் விடாதபடி விட்டுவிட்டு அரைத்து, 250 கிராம் ஐசிங் சீனி, ஒரு தேக்கரண்டி பன்னீர், சில துளி ஆமண்ட் எசன்ஸ் ஆகியவற்றோடு, பிடிக்கும் அளவுக்கு மட்டும் தேன் விட்டுப் பிசைய வேண்டும். வெள்ளைக்கரு விட்டுப் பிசைவது பழைய வழக்கம், பல நாள் வெளியில் இருக்கப்போகும் பண்டத்தில் பச்சை முட்டையைச் சேர்ப்பதை நான் தவிர்க்கிறேன். கேக்கின் மேல் சூடாக்கிய ஜாமை மெல்லியதாகப் பூசி, அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டிய ஐசிங்கை விரித்து, உருளையால் ஒருமுறை லேசாக அழுத்தி, ஒரு நாள் உலரவிட வேண்டும்.

வெட்டும்போது பல் இல்லாத நீண்ட கத்தியை அறுக்காமல் நேராக இறக்கி, ஒவ்வொரு வெட்டுக்கும் சுடுநீரில் துடைத்துக்கொள்ள வேண்டும். 5 சென்ரிமீற்றர் நீளமும் இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலமுமாக வெட்டினால் இந்தத் தட்டிலிருந்து 32 துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டு சிறிதாகத் தோன்றினாலும் இத்தனை பழமும் பட்டரும் அடங்கிய கேக்கில் அதற்கு மேல் ஒருவருக்குத் தேவைப்படாது. ஒவ்வொன்றையும் முதலில் எண்ணெய்த்தாளில் இறுக்கமாகச் சுற்றி ஓரங்களை அடிப்பக்கம் மடித்து, அதன் மேல் வண்ணத்தாளைச் சுற்றி இரு முனைகளையும் முறுக்கிவிட வேண்டும். நேரடியாக வண்ணத்தாளில் சுற்றினால் கேக்கின் எண்ணெய் ஊறிச் சாயம் இறங்கும். தபாலில் வெளியூருக்கு அனுப்புவதானால் ஐசிங் இல்லாத துண்டுகளையே தேர்ந்தெடுத்து, தகரப் பேணியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, மேலே கசக்கிய எண்ணெய்த்தாள் வைத்து மூடி அனுப்பலாம்.