பஸ் நிறுத்தம், துணிக்கொடி, சிப்ஸ் கடை: வட இங்கிலாந்தின் அன்றாடத்தைப் படமெடுக்கும் முறை

லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ், ரோச்டேல், நியூகாசில் மாதிரியான ஊர்களில் முதல்முறை கேமராவோடு இறங்குபவர்கள் பெரும்பாலும் நகர மண்டபத்தையும் பாலத்தையும் எடுத்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். படம் இருப்பது அங்கிருந்து பத்து நிமிட நடையில். சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீட்டு வரிசை, வாசலில் நிற்கும் குப்பைத் தொட்டிகள், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நான்கு பேர், ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் சிப்ஸ் கடை. இவற்றை எடுக்க விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஒரு தெருவைப் பிடித்து அங்கேயே நிற்கப் பழகினால் போதும்.

படி 1: ஒரே ஒரு தெரு

ஊர் முழுக்கச் சுற்றாதீர்கள். முந்நூறு மீட்டர் நீளத்துக்குள் ஒரு பஸ் நிறுத்தம், திறந்திருக்கும் இரண்டு மூன்று கடைகள், ஒரு வீட்டு வரிசை மூன்றும் இருக்கிற தெருவாகப் பாருங்கள். லீட்ஸில் ஹேர்ஹில்ஸ் பகுதி நல்ல தொடக்கம். அங்கே வீடுகள் பக்கவாட்டில் மட்டுமல்ல, பின்சுவராலும் ஒட்டியிருக்கும். முன்வாசலைத் தவிர வேறு வாசல் கிடையாது, கொல்லையும் கிடையாது. இப்படிப்பட்ட வீடுகளை லீட்ஸில் 1930களிலும் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொல்லை இல்லாததால் தெருவின் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போடும் வழக்கம் அங்கே வந்தது. இன்று அது குறைந்துவிட்டது, ஆனாலும் காற்றடிக்கும் காய்ந்த நாளில் இன்னமும் கண்ணில் படும்.

மழை விடாத நாளுக்குக் கூரையுள்ள சந்தை ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நியூகாசிலின் கிரெய்ஞ்சர் சந்தை 1835-இல் திறந்தது. லீட்ஸில் கிர்கேட் சந்தை, ஹாலிஃபாக்ஸில் பரோ சந்தை.

தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை வரைபடத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். டிசம்பரில் லீட்ஸின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரிக்கு மேல் ஏறாது. எட்டு மீட்டர் உயர வீட்டின் நிழல் முப்பது மீட்டரைத் தாண்டி விழும், தெருவின் அகலமோ பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அதனால் கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் நாள் முழுக்க நடைபாதை நிழலில் கிடக்கும், எதிர்வரிசையின் மாடி ஜன்னல்களில் மட்டும் வெயில் ஒட்டியிருக்கும். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் நண்பகல் வெயில் தெருவின் நீளத்துக்கே பாயும். நடப்பவர்களின் நீண்ட நிழல் வேண்டுமானால் அந்தத் தெருவுக்குப் போங்கள்.

படி 2: நேரம்

புதியவர்கள் பலரும் கோடைக்காகக் காத்திருக்கிறார்கள். அது தவறு. ஜூனில் சூரியன் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் மறைகிறது. வானம் நீலமாக மாறி விளக்குகள் எரியும் நேரத்தில் கடைகள் மூடித் தெரு வெறிச்சோடியிருக்கும். டிசம்பரில் அஸ்தமனம் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு. அதன்பின் சுமார் நாற்பது நிமிடம் வானத்தில் நீலம் தங்கும். பள்ளி விட்டு வருபவர்கள், வேலை முடிந்து திரும்புபவர்கள், விளக்கு போட்ட கடை ஜன்னல்கள், நீல வானம் எல்லாம் ஒரே நேரத்தில் கூடுவது இந்த நாற்பது நிமிடத்தில்தான். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை, மூன்று மணிக்கே போய் இடம் பிடித்து நில்லுங்கள். ஆண்டில் இதைவிட நல்ல நேரம் கிடையாது என்றே சொல்வோம்.

மேகம் மூடிய பகலும் கெட்டதல்ல. வெளிச்சம் பரவலாக விழுவதால் முகத்தில் கடும் நிழல் இருக்காது, காலை பத்திலிருந்து இரண்டு வரை அமைப்பை மாற்றவும் வேண்டியதில்லை. தொல்லை தருவது வானம்தான். வெற்று வெள்ளையாகக் கண்ணை இழுத்துவிடும். படத்தில் வானத்துக்கு ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். ஹாலிஃபாக்ஸ், ஹெப்டன் பிரிட்ஜ் போன்ற மலைச்சரிவு ஊர்களில் மேட்டுத் தெருவில் ஏறி நின்று கீழ்நோக்கி எடுத்தால் வானமே வராது, கூரைகள் படிக்கட்டாக இறங்கும்.

படி 3: கேமரா அமைப்பு

35 மி.மீ. பார்வை தரும் லென்ஸ் ஒன்று போதும் (சிறிய சென்சார் கேமராவில் அது 23 மி.மீ.). எதிர்ப்புற நடைபாதையிலிருந்து எடுப்பதற்கு 50 மி.மீ. பார்வையும் உதவும். போனில் எடுப்பவர்கள் இரண்டு மடங்குப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள்.

தொடங்குவதற்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ என்பது ஒளி உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளி தெரியும். எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, நொடிக் கணக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம்:

மேகம் மூடிய பகல்: ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/250 நொடி.
அடர்ந்த மழை: ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/250.
கடை விளக்கு எரியும் அந்தி: ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, எஃப் 2.8, 1/125.

நடப்பவர்களை 1/125-க்குக் கீழே எடுத்தால் கால்கள் கலங்கும். ஐஎஸ்ஓ ஏற்றப் பயந்து ஷட்டரைக் குறைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. புள்ளி தெரியும் படத்தைப் பிறகு சரிசெய்யலாம், கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது.

ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிடுவது நல்லது. 23 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் மூன்று மீட்டருக்கு வைத்தால், சுமார் 1.6 மீட்டரிலிருந்து முப்பது மீட்டர் வரை தெளிவாக இருக்கும். முழுச் சென்சார் கேமராவில் 35 மி.மீ. லென்ஸில் அதே அமைப்பு தரும் தெளிவு 1.9 மீட்டர் முதல் ஏழு மீட்டர் வரைதான், அதை மறக்க வேண்டாம். மூன்று மீட்டர் என்பது நிறுத்தியிருக்கும் சிறிய காரின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. கண்ணளவு பழகும் வரை காரை வைத்தே கணக்கிடுங்கள்.

நிறம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. தானியங்கி வெள்ளைச் சமன் (கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் வசதி) செங்கல்லின் சிவப்பைத் தணித்துச் சாம்பலாக்கிவிடும். மேக நாளில் அதை 6000 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். பென்னைன் மலையடி ஊர்களின் மணற்கல் சுவர்கள் நிலக்கரிப் புகையால் கறுத்தவை. கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 படி குறையுங்கள். ஒரே வரிசையில் சுத்தம் செய்த வீடு தேன் நிறத்திலும் பக்கத்து வீடு கரியாகவும் இருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த இரண்டு கதவுகளையும் ஒரே படத்தில் நேருக்கு நேர் எடுங்கள்.

படி 4: பஸ் நிறுத்தம்

முதல் பயிற்சிக்கு இதுதான் சரி. ஆட்கள் நிற்கிறார்கள், நீங்களும் நிற்கலாம், யாருக்கும் விசித்திரமாகப் படாது.

எதிர்ப்புற நடைபாதையில் நிழற்குடைக்கு நேர் எதிரே நில்லுங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள், சாய்த்தால் பின்னாலிருக்கும் வீடுகள் மல்லாக்க விழும். கட்டக் கோடுகளைத் திரையில் போட்டுக்கொண்டு நிழற்குடையின் கம்பியை ஒரு கோட்டோடு சேர்த்து வையுங்கள். சரிவான தெருவில் நடைபாதையை மட்டமாக்க முயன்றால் வீடே சாய்ந்துவிடும். கதவு நிலையை வைத்துத்தான் நேர் பார்க்க வேண்டும்.

சட்டகம் தயாரானதும் இனி உங்கள் வேலை காத்திருப்பது மட்டும். நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் இடைவெளியோடு தெரிகிற கணம் வேண்டும். ஒருவர் போன் பார்க்க, ஒருவர் பை மாற்ற, ஒரு அம்மா தள்ளுவண்டியின் மழைத்திரையை இழுத்துவிட, நான்காமவர் பஸ் வரும் திசையில் கழுத்தை நீட்டுவார். அந்தக் கழுத்துதான் படம். பஸ் கண்ணில் பட்டதும் எல்லோரும் ஒரே சமயத்தில் அசைவார்கள், அந்த இரண்டு நொடிக்கு விரல் ஷட்டரில் இருக்கட்டும். பஸ் வந்து மறைத்த பிறகும் நகராதீர்கள். மேல்தள ஜன்னலில் ஆவி படிந்திருக்கும், யாராவது கையால் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்ப்பார்கள்.

மழை படத்தில் தெரியவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். வெள்ளை வானத்துக்கு முன்னால் மழை தெரியாது. இருண்ட கடைவாசலோ கறுத்த சுவரோ பின்னால் இருக்க வேண்டும், ஷட்டர் 1/125 பக்கம் இருந்தால் துளிகள் சிறு கோடுகளாக விழும்.

படி 5: சிப்ஸ் கடை

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடுவது பழைய வழக்கம் என்பதால் அன்று மாலை வரிசை வாசல் தாண்டி நிற்கும். கடைக்காரர் "டீ டைமுக்கு வாங்க" என்றால் நான்கு மணித் தேநீர் என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கில் "டீ" என்பது மாலை ஐந்து, ஆறு மணிச் சாப்பாடு, "டின்னர்" என்பது மதியச் சாப்பாடு.

வெளியிலிருந்து எடுக்கும்போது கேமரா தெருவின் இருட்டைப் பார்த்து ஜன்னலை வெளுக்க வைத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, விலைப் பலகையின் எழுத்து படிக்கும்படி வையுங்கள். உங்கள் உருவமே கண்ணாடியில் பிரதிபலித்தால் சற்றுச் சாய்வாக நகருங்கள்.

உள்ளே எடுக்க அனுமதி கேளுங்கள், முதலில் ஏதாவது வாங்குங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 1/250-இல் எடுத்தால் படத்தில் பழுப்புப் பட்டைகள் விழலாம், 1/100 அல்லது 1/50 வையுங்கள். குளிரிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால் லென்ஸ் ஆவியாகிவிடும். நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வெளியே எடுங்கள். துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும்.

மனிதர்களும் சட்டமும்

1937-38-இல் போல்டன் நகரத்தின் அன்றாடத்தை எடுத்த ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் கேமராவைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்தார். அந்தப் படங்கள் போல்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவசியம் பாருங்கள். முறையை மட்டும் பின்பற்ற வேண்டாம். இன்று மறைத்து எடுப்பவரைத்தான் சந்தேகிக்கிறார்கள். கேமரா கழுத்தில் வெளிப்படையாகத் தொங்கட்டும். யார்க்‌ஷரில் உங்களை "லவ்" என்றும் நியூகாசிலில் "பெட்" என்றும் முன்பின் தெரியாதவர் கூப்பிடுவார். அது சும்மா அன்பாகப் பேசும் முறை, நின்று பதில் சொல்லுங்கள்.

பொதுத் தெருவிலிருந்து மனிதர்களையும் கட்டடங்களையும் எடுக்க இங்கிலாந்தில் அனுமதி தேவையில்லை. தெருவில் சோதனையிடும் போலீஸாருக்கும் படத்தை அழிக்க அதிகாரம் கிடையாது. ஆனால் வணிக வளாகங்கள் தனியார் இடம், காவலர் வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும். லிவர்பூல் ஒன் போலத் திறந்த தெருவாகத் தோன்றும் சில பகுதிகளும் தனியார் நிர்வாகத்தில் இருப்பவை. சுவரோவியம் மட்டுமே நிறைந்த படத்தை விற்க நினைத்தால் கவனம்: கட்டடத்துக்கும் பொது இடச் சிலைக்கும் 1988 பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு ஓவியத்துக்குப் பொருந்தாது.

சட்டம் அனுமதிப்பதையெல்லாம் எடுக்க வேண்டியதில்லை. போதையிலோ அழுகையிலோ இருப்பவரை விட்டுவிடுங்கள். யாராவது தலையசைத்து மறுத்தால் கேமராவை இறக்கி, கேட்டால் அழித்துவிடுங்கள். இன்னொன்றும் மனதாரச் சொல்கிறோம்: மழை, மூடிய கடை, தளர்ந்த முதியவர் என்று மட்டும் தேடி, கறுப்பு வெள்ளையாக்கி, வறுமைப் படமாக முடிக்காதீர்கள். மான்செஸ்டரின் மஞ்சள் டிராம், ஹல் நகரின் பாலேட்டு நிறத் தொலைபேசிக் கூண்டு, நீலமும் ஆரஞ்சுமாகச் சாயமடித்த கதவுகள் எல்லாம் இந்த ஊர்களின் நிறம்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

இருநூறு படத்தில் ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள். வானம் வெளுத்திருந்தால் ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதிகளை) இறக்குங்கள், நிழலை அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள், கறுத்த கல் கறுப்பாகவே இருக்கட்டும்.

அன்று இரவே ஒவ்வொரு படத்துக்கும் ஊர், தெரு, நாள், நேரம், பஸ் எண், கடைப் பெயர் எழுதி வையுங்கள். சந்துக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் பெயரையே போடுங்கள்: லீட்ஸில் கின்னல், ஹல்லில் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் வழிக்கு டென்ஃபுட். துணி துவைக்கும் கடைகளும் சந்தைக் கடைகளும் மூடிக்கொண்டே வருகின்றன. இன்று சாதாரணமாகத் தெரியும் விலைப் பலகையை நாளை யாரோ உருப்பெருக்கிப் படிப்பார்கள், அதனால் அசல் கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். கடைக்காரர் நின்று கொடுத்திருந்தால் ஆறுக்கு நான்கு அங்குல அச்சு ஒன்று போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வரிசை தொடங்கும் முன் கொண்டுபோய்க் கொடுங்கள்.