நல்ல உணவின் மீதான பற்று நோயாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் உணவியல் ஆலோசனை அளித்துவரும் நான், இனிப்பையும் பொரித்த பண்டங்களையும் குறைப்பது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதை அறியாதவர் இல்லை. மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது; ஆகவே நம் வீடுகளில் உணவைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சம் நோயற்ற இளையோரின் தட்டைக் காலியாக்கும்போது, எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே இன்றைய பெற்றோரும், இத்துறைக்குப் புதிதாக வருவோரும் மீண்டும் செய்கிறார்கள்.

விலக்குவதைக் கட்டுப்பாடு என்று பாராட்டுதல்

இன்றும் எனக்குச் சினமூட்டும் தவறு இதுவே. செந்தூலிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். அந்தப் பெண் முதலில் தேநீரில் சீனியை நிறுத்தினார். பின்னர் தேங்காய்ப்பால், வெள்ளைச் சோறு, பால், தயிர், பருப்பு என ஒவ்வொன்றாக விலக்கினார். உறவினர் திருமணத்தில் பந்தியில் அமராமல், தாம் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து உண்டதைக்கூட, "இந்த வயதில் எவ்வளவு கட்டுப்பாடு!" என்று வீட்டார் மெச்சியிருக்கிறார்கள். மாதவிடாய் பல மாதங்கள் நின்றுபோன பிறகுதான் என்னிடம் வந்தார்கள். போதிய ஆற்றல் கிடைக்காத உடலில் இனப்பெருக்க ஹார்மோன்களின் சுரப்பு குறைகிறது. அவற்றுள் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால், வலுப்பெற வேண்டிய வயதிலேயே எலும்பு நலிகிறது. சைவ உணவினர் பாலையும் தயிரையும் விட்டுவிட்டால், செறிவூட்டிய உணவோ மாத்திரையோ இன்றி வைட்டமின் பி12 போதிய அளவு கிடைக்காது.

புரட்டாசியில் சைவம் இருப்பதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குடும்பத்தோடு சேர்ந்து கடைப்பிடிப்பது. அதற்கு ஒரு முடிவு நாளும் உண்டு. நான் பெற்றோரிடம் கேட்பது வேறு: தாமே வகுத்துக்கொண்ட பட்டியலில் இல்லாத ஒன்றை உண்ண நேர்ந்தால், உங்கள் பிள்ளை மறுநாள் பட்டினி கிடந்து தம்மைத் தண்டித்துக்கொள்கிறாரா?

அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் நல்ல உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்ற பற்று நோயாகும் இந்நிலைக்கு 1997இல் 'ஆர்த்தோரெக்சியா' என்று பெயரிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. அதனால் துன்பம் பொய்யாகிவிடாது. பெயர் உறுதியாகட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துதல்

கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதுதான் நம்பகமானது.

எடையை மட்டும் பார்த்தல்

எடை சரியாக இருக்கும்போதே ஒருவர் இந்த நோயில் ஆழமாகச் சிக்கியிருக்கலாம்.

மிரட்டி உண்ணவைத்தல்

வேண்டாம்.

விலக்கிய உணவுகளில் எதற்கு அச்சம் மிகக் குறைவோ அதை முதலில், சிறிய அளவில், வீட்டார் உடன் அமர்ந்து உண்ணும் வேளையில் மீட்பதே எங்கள் வழக்கம். நம் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் தட்டிலும் கால் பங்கு சோறு போன்ற தானிய உணவுக்குரியது என்பதை நான் காட்டுவதுண்டு. சோற்றுக்கு அஞ்சுவோருக்கு அது சற்றுத் துணிவு தருகிறது. உணவியலாளரோடு மனநல ஆலோசகரும் இதில் சேர்ந்து பணியாற்ற வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மாதவிடாய் நிற்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், உணவு மாற்றத்தை வீட்டில் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். நெடுநாள் குறைவாக உண்டவருக்குத் திடீரென உணவைக் கூட்டினால், இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது உப்பின் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கக்கூடும்.